மனைவி ஓட்டும்போது மட்டும்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவனை எந்த வாரண்டியும் காப்பாற்றாது. புது கார் வாங்கிய ஐந்தாவது வாரத்தில், சர்வீஸ் சென்டரின் நான்காம் எண் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து இதை நான் நிரூபித்தேன்.

"என்ன கம்ப்ளெயின்ட் சார்?" என்று கேட்டார் அங்கிருந்த ஆலோசகர். முப்பது வயதிருக்கும். கழுத்தில் டை. அந்த டையின் நுனியைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தார், எந்த நிமிடமும் இன்ஜினுக்குள் குனியப் போகிறவர் மாதிரி. அவர் குனிந்து நான் கடைசிவரை பார்க்கவில்லை.

சொல்ல வேண்டியதை வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்த பிறகு, மேட்டில் நின்று கிளம்பும்போது வண்டி உதறுகிறது. இன்ஜின் அலறுகிறது, சக்கரம் நகர மறுக்கிறது. கியர் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. அவ்வளவுதான். ஆனால் எதிரில் ஒருவர் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு நாக்கு நமநமவென்று அரிக்க ஆரம்பித்துவிடும்.

"அதை ஏன் சார் கேக்கறீங்க? நான் ஓட்டினா சமத்தா போகுது. என் பொண்டாட்டி ஓட்டினா மட்டும் மக்கர் பண்ணுது. என்னை மாதிரியே அதுவும் அவகிட்டதான் வேலையைக் காட்டுது."

டைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்துகொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டைக்காரர் சிரித்துக்கொண்டே எதையோ தட்டச்சு செய்ததை நான் கவனிக்கவில்லை. அச்செடுத்து நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வாசலுக்கு வந்து படித்தால், 'வாடிக்கையாளர் புகார்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: மனைவி ஓட்டும்போது மட்டும்.

திரும்ப ஓடினேன்.

"ஒரு தடவை ஏத்திட்டா ஏத்தினதுதான் சார். சிஸ்டம்ல அழிக்க முடியாது" என்றார் டைக்காரர். "விடுங்க சார், நம்ம ஆளுங்களுக்குப் புரியும்."

நம்ம ஆளுங்களுக்கு எல்லாம் புரிந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

என் தொழில் பல் கட்டுவது. பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சுக்குத் தகுந்தபடி செயற்கைப் பல் செட் செய்து கொடுப்பேன். ஊரில் எத்தனையோ பேர் வாயை அடைத்தாயிற்று, என் வாயை அடைக்க மட்டும் வழி தெரியவில்லை. என் மனைவிக்குக் காது. சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டதும் விரலைத் தூக்குங்க" என்பாள். யாருக்கு எவ்வளவு காது கேட்கிறது, யாருக்குக் கருவி வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. மூன்று கிளினிக்குகளுக்குப் போகிறாள். செவ்வாயும் வெள்ளியும் மேட்டுக் கிளினிக். ஊரின் ஒரு கோடியில், செங்குத்தான சாலையின் உச்சியில் இருக்கிறது அது. பஸ் அந்த மேட்டின் அடியோடு திரும்பிவிடும்.

பதினெட்டு வருடம் அவளேதான் ஓட்டினாள். நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவாள். அந்த அளவுக்கு நல்ல ஓட்டுநர். இரண்டு வருடத்துக்கு முன்னால் கிளினிக் படியில் வழுக்கி விழுந்ததில் இடது முழங்காலில் தகடு வைத்தார்கள். நடக்கலாம், மெல்ல மாடி ஏறலாம், ஆனால் கிளட்ச்சை மிதித்து மிதித்து எடுக்க முடியாது. அதிலிருந்து நான்தான் கொண்டுபோய் விடுவேன், நான்தான் கூட்டி வருவேன். எனக்கு எப்போதும் அரை மணி தாமதம். ஏன் தாமதம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கிளினிக் வாசலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டும் யாரும் வராத குழந்தை போல உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, கிளட்ச்சை மிதிக்கவே வேண்டாத இந்த ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கினோம்.

வண்டி வந்த அன்று, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று என்னை ஓரங்கட்டிவிட்டுத் தனியாக ஒரு சுற்று போய்வந்தாள். இறங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் தாலி கட்டிய அன்றுகூட அப்படி ஒரு களை இல்லை.

மூன்றாவது வாரம் கோளாறு ஆரம்பித்தது. "முதல்ல ஒரு முனகல் வருதுங்க. அதுக்கப்புறம்தான் உதறுது" என்றாள். எனக்கு முனகலும் கேட்கவில்லை, உதறலும் வரவில்லை. அதே சாலை, அதே வண்டி. நான் உட்கார்ந்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போனது. என் ஜோக் பிறந்த கதை இதுதான்.

மூன்று நாள் வைத்திருந்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பளபளவென்று கழுவியிருந்தார்கள். காகிதத்தில், 'சோதனை ஓட்டம் எட்டு கிலோமீட்டர். குறை தென்படவில்லை' என்று எழுதியிருந்தது. டைக்காரர் என்னைத் தூண் பக்கம் ஒதுக்கிக்கொண்டுபோய், குரலைத் தாழ்த்தினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேடம் ரெண்டு காலையும் வைக்கறாங்களா?"

"அப்படின்னா?"

"வலது கால் ஆக்சிலேட்டர்ல, இடது கால் பிரேக்ல. ரொம்ப வருஷம் கிளட்ச் வண்டி ஓட்டினவங்களுக்கு இடது கால் சும்மா இருக்காது. லேசா பிரேக் மேல படிஞ்சிருந்தாலே போதும், கியர்பாக்ஸ் குழம்பிடும். அதுவும் அடிபட்ட கால்னு நீங்கதானே சொன்னீங்க."

ஆமாம், அதையும் நான்தான் சொல்லியிருந்தேன். 'என் மனைவி அப்படிச் செய்பவள் இல்லை' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் நான் சொன்னது, "கேட்டுப் பாக்கறேன்."

கேட்கவும் தைரியம் வரவில்லை. மறுநாள் அவள் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஒரு சிக்னலில் சீட்டுக்கு அடியில் குனிந்து, அவள் காலடியை எட்டிப் பார்த்தேன்.

"என்ன தேடறீங்க?"

"பேனா."

"உங்க சட்டைப் பையில இருக்கு."

நிமிர்ந்தேன். இடது கால் தன் இடத்தில் ஒழுங்காக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் நான் பார்க்கிறேன் என்று தெரிந்து நகர்த்தியிருப்பாளோ? இப்படியும் ஒரு நினைப்பு. எனக்குள்ளேயே ஒரு டைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே அவள் எதற்கோ காரின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறக்க, அந்தப் புகார்க் காகிதம் கையில் சிக்கியது. காது சோதனை முடிவைப் படிக்கும் அதே குரலில் படித்தாள்: "மனைவி ஓட்டும்போது மட்டும்."

"ஜோக்குக்குச் சொன்னேன்மா. அந்த ஆள் அப்படியே ஏத்திட்டான்."

"சரி."

"கோபமா?"

"ஒண்ணுமில்லைங்க."

அவளுடைய 'ஒண்ணுமில்லைங்க' ஒரு கதவு. சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். வெளியே நின்று எவ்வளவு ஜோக் சொன்னாலும் திறக்காது.

அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் அந்த வரி எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. வாரண்டி உதவி எண்ணைக் கூப்பிட்டேன். வண்டி எண்ணைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெண், "ஒரு நிமிஷம் சார், பழைய பதிவைப் பாக்கறேன்" என்றாள். பிறகு ஓர் இருமல். சிரிப்பை விழுங்கும் இருமல் எனக்குத் தெரியாதா? இரண்டாம் முறை வண்டியை விட்டபோது மேலாளரே வந்தார். "இது கோளாறு இல்ல சார், இந்த மாடலோட சுபாவம். வண்டி டிரைவரைப் புரிஞ்சுக்கக் கொஞ்ச நாள் ஆகும்" என்றார்.

"எத்தனை நாள்?"

"சொல்ல முடியாது சார். ஆளைப் பொறுத்தது."

"நாங்க கல்யாணம் பண்ணி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அந்தக் கணக்குப்படி பாத்தா வாரண்டி முடிஞ்சுடுமே சார்."

மேலாளர் சிரிக்கவில்லை. மென்பொருளைப் புதுப்பித்து, மறுபடி எட்டு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி கழுவி, மறுபடி 'தென்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். கோளாறு இருக்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் வாரண்டியில் கியர்பாக்ஸைத் திறப்பார்களாம். திறக்காமல் பார்க்க முடியாது. பார்க்காமல் திறக்க முடியாது.

இதற்கிடையில் மச்சினன் தொலைபேசியில் வந்தான். "மாமா, அக்காவை நாலு நாள் மைதானத்துல விட்டு ஓட்டச் சொல்லுங்க. டச் விட்டுப் போச்சு, அவ்வளவுதான்."

"உன் அக்காகிட்ட நீயே சொல்லுடா."

"ஐயோ, நான் மாட்டேன்பா."

ஆக, அவளைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. மேட்டுச் சாலையின் பாதியில் வண்டி நின்றுவிட்டது. நின்றதோடு விடவில்லை, பின்னால் உருண்டிருக்கிறது. பின்னால் தண்ணீர் லாரி. கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தியபோது லாரிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்ததாம். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. நான் வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தபோது லாரி ஓட்டுநர்தான் சொன்னார். அவர்தான் வண்டியை ஓரமாகத் தள்ளவும் கைகொடுத்திருக்கிறார். அவள் நடைபாதையில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சாவியைக் குடு, பாக்கறேன்" என்றேன்.

நான் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முடுக்கினேன். விளக்கு இல்லை, உதறல் இல்லை, முனகல் இல்லை. ஏதோ எனக்காகவே காத்திருந்தது போல வண்டி மேட்டில் குடுகுடுவென்று ஏறி உச்சியில் போய் நின்றது. திரும்பிக் கீழே வந்தேன். அவளும் லாரி ஓட்டுநரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டுநர் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. என் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவில்லை. எப்போதும் எதையாவது உளறுகிற நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தப்பு.

அவள் சுற்றி வந்து இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். பெல்ட்டை மாட்டினாள்.

"நான் இனிமே ஓட்டல" என்றாள்.

"ஏம்மா அப்படிச் சொல்றே?"

"மேட்டுக் கிளினிக்குக்கு வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிடறேன். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொன்னா வெள்ளிக்கு ஆள் கிடைச்சுடும். மத்த ரெண்டுக்கும் பஸ் இருக்கு."

"நான் கொண்டு வந்து விடறேனே."

"வேண்டாங்க. ரெண்டு வருஷம் விட்டது போதும்."

மேட்டுக் கிளினிக் அவள் ஆரம்பித்தது. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர்கூடத் தெரியாது, 'விரல் தூக்கச் சொல்ற அம்மா' என்பார்கள். அதை அவள் விடுகிறாள். முழங்கால் உடைந்தபோதுகூட விடாததை இப்போது விடுகிறாள். அன்று இரவு தூங்குவதற்கு முன் போர்வைக்கு மேலே தன் இடது காலை நீட்டி, பாதத்தை மெல்ல மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குத் தெரியாமல் அது எங்கேயாவது போய் எதையாவது மிதிக்கிறதோ என்று பார்க்கிற மாதிரி.

புதன்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. யாரோ ஒரு பெரியவருக்கு அன்று பல் கிடைக்கவில்லை, அவர் மன்னிக்கட்டும். காலை ஒன்பது மணிக்குச் சர்வீஸ் சென்டரில் போய் உட்கார்ந்தேன்.

வாடிக்கையாளர் காத்திருப்பு அறை என்பது நாலு பக்கமும் கண்ணாடி. பட்டறை தெரியும், சத்தம் கேட்காது. மீன் தொட்டிக்குள் உட்கார்ந்து மனிதர்களைப் பார்ப்பது போல இருக்கும். ஜன்னல் திறக்காது. தொலைக்காட்சியில் இந்த வண்டியின் விளம்பரமே சுற்றிச் சுற்றி ஓடும். அதில் ஒரு பெண் மலைப்பாதையில் கூந்தல் பறக்க ஓட்டிக்கொண்டு போவாள். முப்பத்தொரு தடவை அவள் மலை ஏறினாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை. காபி இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சூப் வந்தது. சொன்னால், "அது அப்படித்தான் சார், இந்த மெஷினோட சுபாவம்" என்றார் துடைக்க வந்தவர்.

மதியம் டைக்காரர் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "சார், இன்னும் இருக்கீங்களா?"

"நான் இங்கேயேதான் இருப்பேன். எனக்கு நேரா ஒரு பதில் வேணும். கோளாறு வண்டியிலயா, என் வீட்டம்மா கால்லயா?"

"பாக்கலாம் சார்."

"என்னத்தைப் பாக்கப் போறீங்க? பாத்தாத்தானே திறப்பீங்க?"

"அதான் சார். பாக்கலாம்."

மூன்று மணிக்கு, இடத்தைக் காலி செய்தால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, மேலாளர் ஒரு வழி சொன்னார். நாளை மதியம் சோதனை ஓட்டுநர் ஓட்டுவார். நாங்கள் இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். முன் சீட்டில் கணினி இருக்கும், வாடிக்கையாளருக்கு அங்கே அனுமதி இல்லை. ஒரு காகிதத்தில் கையெழுத்து. இந்தத் தடவை முழுதும் படித்துவிட்டுப் போட்டேன்.

வீட்டில் அவளைக் கிளப்புவதுதான் பெரும் பாடாகிவிட்டது.

"நான் எதுக்கு? என் காலைச் சோதிச்சுப் பாக்கறதுக்கா?"

"காது வேணும்மா. முனகல் உனக்குத்தானே கேக்குது."

"நாளைக்குச் சாயங்காலம் கிளினிக்குக்கு ஃபோன் பண்ணணும். அதுக்குள்ள வந்துடணும்" என்றாள். வருகிறேன் என்பதை அவள் அப்படித்தான் சொன்னாள்.

சோதனை ஓட்டுநரை அங்கே எல்லோரும் 'மாஸ்டர்' என்றார்கள். ஐம்பது தாண்டியவர். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போலத் தொடுவார். நல்ல கை. அதனால்தான் எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. இந்தக் கையில் எந்த வண்டியும் அழாது. பின் சீட்டில் என் முழங்கால் மோவாயை இடித்தது. கழுவும்போது யாரோ குழந்தைப் பூட்டைத் தட்டிவிட்டிருக்கிறார்கள்; பின் கதவை உள்ளிருந்து திறக்க முடியவில்லை. "போற இடத்துல நான் திறந்துவிடறேன் சார்" என்றார் மாஸ்டர்.

நாலு கிலோமீட்டர் போயிற்று. வண்டி பட்டு மாதிரி போனது. முன் சீட்டில் கணினித் திரையில் பச்சைக் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கவாட்டில் அவளைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, மாஸ்டரின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சிக்னலில் நின்றபோது கேட்டாள்: "அண்ணா, இப்ப நியூட்ரல்ல போட்டீங்களா?"

"ஆமாம்மா."

"முன்னாடி ரெண்டு சிக்னல்லயும் போட்டீங்க."

"கை பழக்கம்மா. முப்பது வருஷம் கிளட்ச் வண்டி. நின்னா நியூட்ரல், கிளம்பினா கியர். கை தானா போயிடும்."

"புத்தகத்துல போட வேண்டாம்னு இருக்கே. சிக்னல்ல நின்னா டிரைவ்லயே வெச்சு, பிரேக்கை மட்டும் மிதிச்சுக்கச் சொல்லியிருக்கு."

"புத்தகத்துல இருக்கும்மா. யாரு படிக்கறா?"

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் இடது கையும் அப்படித்தான். நின்றால் நியூட்ரல். இருபத்தைந்து வருடப் பழக்கம், கவனித்ததேயில்லை.

"நீங்களும் போடுவீங்க" என்றாள்.

"போடுவேன்."

"நான் போடமாட்டேன்."

மாஸ்டர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். பச்சை விழுந்தது, பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவர் உடனே கிளம்பவில்லை. "டிரைவ்லயே நின்னா உள்ள கிளட்ச் ரெடியா காத்துக்கிட்டே நிக்கும்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "சூடு ஏறிட்டே இருக்கும். நல்ல கியர்பாக்ஸ் தாங்கும். நியூட்ரல்ல போட்டுப் போட்டு எடுத்தா அதுக்கு ஓய்வு குடுத்துட்டே போறோம். கோளாறு எப்படி மாட்டும்?"

"மேட்டுக்குப் போலாமா அண்ணா?"

"எனக்கு எட்டு கிலோமீட்டர்தாம்மா கணக்கு. ரூட்டு மாறக் கூடாது."

அடுத்த திருப்பத்தில் சர்வீஸ் சென்டருக்கு வலது பக்கம் போக வேண்டும். மாஸ்டர் நேராகப் போனார்.

மேட்டின் அடியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வண்டிகள் ஒன்றையொன்று முட்டாத குறையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஐந்தடி போவது, நிற்பது. ஒவ்வொரு தடவை நின்றபோதும் மாஸ்டரின் கை கியரை நோக்கிக் கிளம்பியது. முதலில் அவரே தடுத்துக்கொண்டார். பிறகு கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். இருபது நிமிடம். முன்னால் வேன், பின்னால் ஸ்கூல் பஸ், இரண்டு பக்கமும் மதில். கதவு திறக்காது. வியர்த்துக் கொட்டியது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் சொந்த வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று மனதாரக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பாதி மேட்டில் அவள் கண்ணை மூடினாள். பிறகு விரலைத் தூக்கினாள்.

"இப்ப" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டருக்கும் கேட்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருப்பேன். வண்டி நனைந்த நாய் போல உதறியது. இன்ஜின் அலறியது. சக்கரம் நகரவில்லை. பச்சைக் கோடு திரையின் உச்சிக்கு எகிறியது, மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி பஸ்ஸை நோக்கிப் பின்னால் சரிந்தது. மாஸ்டர் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தார்.

ஹாரன்கள் காதைப் பிளந்தன. பஸ்காரர் தலையை வெளியே நீட்டி எங்கள் பரம்பரையையே விசாரித்தார். எனக்கு அவரை இறங்கிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கதவுதான் திறக்கவில்லை.

மாஸ்டர் கைபேசியை எடுத்து டைக்காரரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் டைக்காரர் குரல் வந்தது: "ஏன் மாஸ்டர் மேட்டுக்குப் போனீங்க? சரி விடுங்க. ஆஃப் பண்ணி அரை மணி நேரம் விட்டு ஆன் பண்ணுங்க, லைட் போயிடும். ஓட்டியே கொண்டு வந்துடலாம்."

"போயிடும்" என்றார் மாஸ்டர். "அதான் ஆஃப் பண்ணல. இழுக்கற வண்டியை அனுப்பு."

"கஸ்டமர் பக்கத்துல இருக்காங்களா?"

"பின்னாடி இருக்காங்க."

டைக்காரர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

மாஸ்டர் விளக்கைப் படம் எடுத்தார், திரையைப் படம் எடுத்தார், கணினியில் எதையோ அழுத்திச் சேமித்தார். பிறகு அட்டையில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து, 'தென்படவில்லை' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்த இடத்தை இரண்டு தடவை அடித்தார். கீழே கையால் எழுதினார். நான் முன்னால் எக்கிப் படித்தேன்: 'தென்பட்டது. கியர்பாக்ஸைத் திறக்கவும்.'

"அப்ப மாஸ்டர், தப்பு கியர்பாக்ஸ்லதானே? இவ கால்ல இல்லையே?"

அவர் பேனாவை மூடினார். "கம்பெனிக்கு அனுப்பணும் சார். அவங்கதான் சொல்லணும்." சொல்லிவிட்டு இறங்கி, பின்னால் எச்சரிக்கை முக்கோணத்தை வைக்கவும் பஸ்காரரைச் சமாதானப்படுத்தவும் போனார். எங்களைத் திறந்துவிட மறந்துவிட்டார்.

நாங்கள் இருவரும் பின் சீட்டில் அடைபட்டுக் கிடந்தோம். அவள் கைப்பையைத் திறந்து கைபேசியை எடுத்தாள். மணி நாலரை.

"நான்தான்" என்றாள் கிளினிக் ஆளிடம். "வெள்ளிக்கிழமைக்கு வேற யாரையும் பாக்க வேண்டாம். வாடகை வண்டி பிடிச்சாவது நானே வந்துடறேன். ஆமா. என் வண்டி கொஞ்ச நாளைக்கு வராது, கியர்பாக்ஸ் மாத்தணும். மாத்தினதும் ஓட்டிட்டு வரேன்."

வைத்துவிட்டு, மடியில் கையைக் கோத்துக்கொண்டாள். பஸ் எங்களை ஒதுங்கித் தாண்டிப் போயிற்று. எனக்கு மூன்று ஜோக்குகள் தயாராக இருந்தன, மூன்றும் நல்லவை. மூன்றையும் மென்று விழுங்கினேன்.

"செவ்வாய்க்கிழமை" என்றேன். "நான் மேல ஏத்திக் காட்டினேனே. அப்ப நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். உன் கால்தானோன்னு. உனக்குத் தெரிஞ்சுதா?"

அந்தக் கதவு சாத்திக்கொள்வதற்காகக் காத்திருந்தேன். ஒரு மாதமாக அந்த 'ஒண்ணுமில்லைங்க'வைக் கேட்டுக் கேட்டு, அவள் வாய் திறக்கும் முன்பே அது என் காதில் விழத் தயாராக இருந்தது.

அவள் என் பக்கம் திரும்பி, நேராகப் பார்த்தாள்.

"தெரிஞ்சுது" என்றாள். "எனக்கு உங்க மேல ரொம்பக் கோபம். இன்னும் இருக்கு."